கழுத்துக்குள் ஓர் அட்டென்ஷன்

மருத்துவமனைக் கேண்டீனில், தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மாஸ்டர் திருட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

ரசித்துக் குடிக்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மடக் மடக்கென்று மருந்து குடிப்பதுபோல் குடித்தார். மிஷின் காபி. பாத்திரம் கழுவின தண்ணீரிடம் யாரோ காபியைப் பற்றி விவரித்துச் சொன்ன மாதிரி இருந்தது. இதற்குப் போய் அன்றைய தண்ணீர்ப் பங்கில் பாதியைச் செலவழிக்கிறோமே என்று அவருக்கே வயிற்றெரிச்சல். சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்ததிலிருந்து, ஒரு நாளைக்கு அவர் எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டர் அளந்து சொல்லியிருந்தார். மனைவி அந்த அளவை ஓர் எவர்சில்வர் டம்ளரில் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருந்தாள். காபி கோட்டைத் தாண்டினால் அவள் புருவம் நெற்றியைத் தாண்டும்.

இருந்தும் குடித்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் கழுத்தில் ஸ்கேன் எடுக்கப்போகிறார்கள். அந்தப் பரீட்சையில் அவர் ஃபெயிலாகியே தீர வேண்டும்.

மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிடையரானவர். முதுகு மட்டும் இன்னும் ரிடையராகவில்லை. சாப்பிடும்போதும் நிமிர்ந்துதான் இருப்பார். தூங்கும்போதுகூட கால் இரண்டும் சேர்ந்து, கை இரண்டும் தொடையோரம் ஒட்டி, கூரையைப் பார்த்தபடி தூங்குவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'அட்டென்ஷன்'. அது தனக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைகூட.

இப்போது விஷயம் என்னவென்றால், மனைவி தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டாள். அவரைக் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்று முடிவு செய்கிற மாதிரி முடிவு செய்து, அவளுக்கான டெஸ்டுகள் எல்லாவற்றிலும் பாஸாகிவிட்டு, "உங்க டெஸ்ட் மட்டும்தாங்க பாக்கி" என்றாள்.

மாஸ்டர் நழுவினார். ஒரு வாரம் ஜலதோஷம் என்றார். ஒரு வாரம் மழை என்றார். அடுத்த வாரம் மழை வரும்போல் இருக்கிறது என்றார்.

நல்லா இருக்கிற ஒரு மனுஷியை மேஜைமேல் படுக்கவைத்து, தனக்காக அறுப்பதா? "அதை என்னால தாங்க முடியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த மாதிரி வார்த்தை எதுவும் அவர் வாயில் வந்து பழக்கமில்லை. டிரில்லில் அப்படி ஒரு கட்டளையே கிடையாது.

அப்போதுதான் வழி திறந்தது. போன வாரம் டயாலிஸிஸ் ஓடிக்கொண்டிருக்கையில், கட்டிலுக்கடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த வார்டு அக்கா, துடைப்பத்தோடு பேசுவதுபோல் சொன்னாள்: "கழுத்துல ஸ்கேன் வைப்பாங்களாம் சார். ரத்தக்குழாய் விறைப்பா இருந்துச்சுன்னா அவ்ளோதான். ஆபரேஷனே வேணாம்னு அனுப்பிடுவாங்களாம்."

"விறைப்பாவா?"

"ஆமா சார். விறைப்பே ஆகாதாம். பாவம், எத்தனை பேரு ஆசையா வர்றாங்க!"

விறைப்பு! வாழ்நாள் முழுக்க அவர் கட்டிக்காத்த ஒரே சொத்து. அன்று வீட்டுக்குப் போனதும், "அந்த ஸ்கேன் எப்போ?" என்று அவரே கேட்டார். மனைவி தையல்காரி. கையில் யாருடைய ரவிக்கையோ இருந்தது. ஊசியை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள். "கேட்டுச் சொல்றேங்க" என்றாள்.

இன்று வந்து பார்த்தால், ஸ்கேன் அறைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காபி கூடாது, படியேறி வரக் கூடாது, பேசக் கூடாது, மனம் அமைதியாக இருக்க வேண்டும். மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். கூடாது என்கிற இடங்களை விட்டுவிட்டுப் படித்தால் அருமையான பயிற்சித் திட்டம்.

அந்தத் திட்டத்தின் முதல் கட்டம்தான் இந்தக் காபி.

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க?"

தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல். மாஸ்டர் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கால்களை அகட்டி, 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' நிலைக்கு வந்தார். முப்பது பிள்ளைகள் எதிரில் நின்றால் கம்பீரமாக இருந்திருக்கும். பின்னால் இருந்த கப்பில் மிச்சக் காபி இருந்தது. அது மெதுவாக, வெதுவெதுப்பாக, அவருடைய வெள்ளை பேன்ட்டில் இறங்கத் தொடங்கியது.

"சும்மா நிக்கிறேன்."

"சரி, சும்மாவே நடங்க. கூப்பிடுறாங்க."

ஸ்கேன் எடுக்கிற பெண் சின்ன வயசு. வட்டக் கண்ணாடி. மாஸ்டரை உட்காரச் சொன்னவள் மூக்கைச் சுளித்தாள்.

"காபி குடிச்சீங்களா சார்?"

"இல்லையே."

"பின்னாடி பேன்ட்ல..."

"அவர் குடிக்கலைம்மா" என்றாள் மனைவி. "பேன்ட்தான் குடிச்சிருக்கு."

ஸ்கேன் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "காபி குடிச்சா குழாய் கொஞ்ச நேரம் இறுக்கமாத்தான் இருக்கும். அந்த அளவு பொய்யாயிடும். பரவாயில்ல சார், அது அடங்குற வரைக்கும் வெளிய உட்காருங்க. நான் அடுத்தவங்களைப் பார்த்துட்டு வர்றேன்."

பாதி நாள் தண்ணீர் போனது. அளவும் போனது. நாக்கு மட்டும் வறண்டு மிஞ்சியது.

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு எழுந்தார்.

"பாத்ரூம் போயிட்டு வரேன்."

பக்கத்தில் அதே ரவிக்கையைத் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "உங்களுக்கா?"

சிறுநீரகம் வேலை செய்யாதவன் சொல்லவே கூடாத பொய் அது. "முகம் கழுவ" என்று சமாளித்துவிட்டு விறுவிறுவென்று நடந்து, மூலையில் திரும்பி, மாடிப்படியைப் பிடித்தார்.

திட்டத்தின் இரண்டாம் கட்டம். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தையே மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுத் தானும் கூடவே ஓடியவர். மாடிப்படி எம்மாத்திரம்? இரண்டு இரண்டு படியாகத் தாவினார். முதல் வளைவு வரை பழைய மாஸ்டர்தான் ஏறினார். அதற்கு மேல் ஏறியவர் டயாலிஸிஸ்காரர். ரத்தம் குறைந்த உடம்பு. கண்முன் பூச்சி பறந்தது. முழங்கால் இரண்டும் கலந்து பேசிக்கொண்டு ஒரே நேரத்தில் மடங்கின. நடுப்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதும் முதுகு நேராகத்தான் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வாளியோடு மேலிருந்து இறங்கி வந்த வார்டு அக்கா அலறினாள்.

"அய்யோ! என்ன சார் இது?"

"ஒண்ணுமில்லம்மா. பயிற்சி."

"எதுக்கு?"

மாஸ்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விறைப்புக்கு. நீதானே சொன்னே?"

வார்டு அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். "சக்கர நாற்காலி எடுத்தாங்கப்பா!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினாள்.

தாழ்வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மாஸ்டர் சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தார். அணிவகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் பெண் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, கோபப்படாமல் சொன்னாள்:

"சரியாப் போச்சு. இனிமே எங்கயும் விட மாட்டேன். இங்கயே படுங்க. கண்ணை மூடுங்க. துடிப்பு அடங்கட்டும்."

படிக்கட்டில் ஏறிச் சம்பாதித்ததெல்லாம் மெத்தையில் படுத்துக் கரையப்போகிறது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். கால் சேர்ந்தது. கை ஒட்டியது. தாடை உயர்ந்தது.

"தளர்வா படுங்க சார்."

"இதுதாம்மா என் தளர்வு."

"கழுத்துகூட கல்லு மாதிரி இருக்கு."

"இவர் விறைப்புன்னு கண்டுபிடிக்க மிஷின் எதுக்கும்மா?" என்றாள் மனைவி. "என்னைக் கேட்டிருந்தா வாயாலயே சொல்லியிருப்பேனே."

"அம்மா, சதை விறைப்பா இருக்கறது வேற, உள்ள குழாய் விறைக்கறது வேற. சார் என்னதான் முறுக்கிக்கிட்டாலும் குழாய் சாரோட பேச்சைக் கேட்காது."

இது மாஸ்டருக்குப் புதுச் செய்தி. தன் உடம்புக்குள்ளேயே தன் கட்டளைக்குப் பணியாத ஓர் ஆசாமி இருக்கிறான்! மிச்சமிருப்பது ஒன்றுதான்: மனம் அமைதியாக இருக்கக் கூடாது. அதற்கு அவரிடம் எப்போதும் தயாராக ஒரு வெடி உண்டு. பற்றவைத்தால் போதும்.

"உன் தம்பி நேத்து போன் பண்ணினான் போலிருக்கே" என்றார், கூரையைப் பார்த்தபடி.

"ஆமாங்க."

"வெட்டிப்பய."

"ஆமாங்க."

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "என்ன ஆமாங்க?"

"வெட்டிப்பயதாங்க அவன்."

கல்யாணமான நாளிலிருந்து இந்தப் போர் நடக்கிறது. தம்பியை ஒரு வார்த்தை சொன்னால் அவள் பதிலுக்கு இவருடைய மூன்று தலைமுறையைத் தோண்டி எடுப்பாள். மாஸ்டர் நம்ப முடியாமல் அடுத்த குண்டை வீசினார்.

"நம்ம கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கறேன்னு வந்து, ஃபிலிமே போடாம எடுத்தானே!"

"எடுத்தானே! மண்டையில ஒண்ணும் கிடையாதுங்க அவனுக்கு. நீங்க சொன்னது அத்தனையும் சரி."

கோட்டை இப்படிப் பொசுக்கென்று விழுந்ததும் மாஸ்டருக்குக் கோபத்துக்குப் பதில் பயம் வந்துவிட்டது.

"ஏய், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரே. நீங்க கண்ணை மூடுங்க."

ஸ்கேன் பெண் ஜெல் குப்பியைக் கவிழ்த்து அவர் கழுத்தில் பிதுக்கினாள்.

மாஸ்டரைப் பற்றி உலகத்தில் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. அவருக்குக் கழுத்தில் பயங்கரக் கூச்சம். சில்லென்ற ஜெல் பட்டு, அதன்மேல் ஸ்கேன் முனை வந்து மெதுவாக நகர்ந்ததும், அட்டென்ஷனில் கிடந்த உடம்புக்குள்ளிருந்து "க்கீ" என்று ஒரு சத்தம் வந்தது.

"வலிக்குதா சார்?"

"இல்... க்கீ... இல்ல..."

அணை உடைந்தது. மாஸ்டர் சிரித்தார். சிரிப்பென்றால், வருஷக்கணக்காகப் பெட்டியில் பூட்டி வைத்த சிரிப்பு மொத்தமும். கால் ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது. "வேணாம்மா... எடும்மா... அய்யோ..." என்று படுக்கையில் புரண்டார். கதவருகே இரண்டு நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். மனைவி ரவிக்கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

சிரித்து முடித்தபோது மாஸ்டரிடம் ஒரு துளி விறைப்பு மிச்சமில்லை. துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடந்தார்.

"இப்பதான் சார் தளர்வா இருக்கீங்க" என்றாள் ஸ்கேன் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்படியே இருங்க. கூச்சம் தெரியாம இருக்க, இந்தத் திரையைப் பாருங்க."

சாம்பல் நிறத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள். நடுவில் கறுப்பாக ஒரு பாதை. கோடுகள் மெல்ல விலகின, மெல்ல நெருங்கின. விலகின, நெருங்கின.

"அதுதான் குழாயோட சுவர். நெஞ்சு ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் இப்படி விரிஞ்சு கொடுத்துட்டு, பழையபடி சுருங்கணும். ரப்பர் மாதிரி. எவ்வளவு விரியுதுன்னு அளந்து, உங்க ப்ரஷரோட சேர்த்துப் பார்த்தா, எவ்வளவு விறைச்சிருக்குன்னு தெரிஞ்சிடும்."

"அது ஏம்மா விறைக்குது?"

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் விறைக்கும் சார். கிட்னி ஓடலேன்னா இன்னும் சீக்கிரம். வெளிய போக வேண்டிய உப்பு, சுண்ணாம்பெல்லாம் எங்க போகும்? அந்தச் சுவர்லதான் போய் உட்காரும்."

சுண்ணாம்பு. விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, குனிந்து குனிந்து, மைதானம் முழுக்கக் கோடு போட்டது மாஸ்டருக்கு நினைவு வந்தது. கோடு ஒரு விரற்கடை வளைந்தாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவார். இப்போது அவருக்குத் தெரியாமலே அவருக்குள் யாரோ கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவரைவிடக் கறாரான ஆள் போலிருக்கிறது.

அந்த வெள்ளைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அசைவு கொஞ்சம்தான். ஆனாலும் விடாமல் அசைந்தது. மாஸ்டர் இங்கே ஃபெயிலாக இவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு உள்ளே, யாரும் விசிலடிக்காமலே, தன்னால் முடிந்த மட்டும் விரிந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் அவருக்கு ஒரு பரிதாபம் வந்தது.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு இடதுபக்கம் உட்கார்ந்தாள். அவருடைய இடது முன்கையில், டயாலிஸிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாய் இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் ஓயாமல் கிர்ரென்று அதிரும். அதற்கு அவள் 'பூனை' என்று பெயர் வைத்திருந்தாள். தினமும் காலையில் தொட்டுப் பார்த்து, "பூனை நல்லா இருக்கு" என்ற பிறகுதான் அடுப்பு பற்றவைப்பாள்.

இப்போதும் உள்ளங்கையைப் பூனைமேல் வைத்தாள். அது உறுமியது.

"தூங்குங்க" என்றாள்.

தூங்கவே கூடாது, தம்பிக்காரன் செய்த அடுத்த அக்கிரமம் என்ன என்று மாஸ்டர் யோசிக்கத் தொடங்கினார். யோசனை பாதியில் நின்றது.

விழித்தபோது கழுத்தில் ஜெல் இல்லை. ஸ்கேன் பெண் திரையில் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். அறை மூலையில் வார்டு அக்கா, மாஸ்டரின் ஆட்டத்தில் தரையில் சிந்திய ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அளவு அருமையா வந்திருக்கு சார். குழந்தை மாதிரி தூங்கினீங்க."

போச்சு. எல்லாம் போச்சு. மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். வாயில் மிஷின் காபியின் கசப்பு இன்னும் இருந்தது.

"அப்போ... விறைப்பு இல்லையா?"

ஸ்கேன் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கெட்ட செய்தி சொல்லுமுன் அவள் அப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது. "இருக்கு சார். உங்க வயசுக்கு இருக்க வேண்டியதைவிட அதிகமாவே இருக்கு. டாக்டர் விவரமா சொல்வார். பயப்படாதீங்க..."

"பயமா?" மாஸ்டர் படுக்கையிலிருந்து குதித்து இறங்கினார். "பாஸு! நான் பாஸு! அப்போ ஆபரேஷன் கிடையாது இல்ல? இவளை அறுக்க மாட்டீங்க இல்ல?"

எந்தக் கட்டளைப் புத்தகத்திலும் இல்லாத அந்த வாக்கியம், சட்டை பட்டன்கூடப் போடாமல் வெளியே வந்து நின்றிருந்தது. சொன்ன பிறகுதான் மாஸ்டருக்கே அது காதில் விழுந்தது. இனி திருப்பி உள்ளே அனுப்ப முடியாது.

"இவளை அறுக்கறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாதும்மா" என்றார், தரையைப் பார்த்து. முதுகு முதல்முறையாக வளைந்திருந்தது.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ரவிக்கையை மடித்து மடியில் வைத்தாள்.

"வெட்டறதும் தைக்கறதும் எனக்கென்ன புதுசாங்க?" என்றாள். "நீங்க இல்லாம, ரெண்டை வச்சுக்கிட்டு நான் ஒருத்தி என்ன பண்ணப் போறேன்?"

ஸ்கேன் பெண்தான் திகைத்துப்போயிருந்தாள். "ஒரு நிமிஷம் சார். விறைச்சா ஆபரேஷன் இல்லேன்னு யாரு சொன்னது?"

"இல்லையா?"

"டயாலிஸிஸ்லயே இருந்தா இன்னும் விறைக்கும் சார். மாற்றுக் கிட்னி வச்சா அது மட்டுப்பட நல்ல வாய்ப்பு இருக்கு. சிலருக்குக் கொஞ்சம் இளகவும் செய்யும். முடிவு டாக்டரோடது. ஆனா இந்த அளவைப் பார்த்தா அவர் தேதியை முன்னாடி இழுப்பாரே தவிர, தள்ளிப் போட மாட்டார்."

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். காபி போனது, முழங்கால் போனது, மானம் சக்கர நாற்காலியில் போனது. அத்தனைக்கும் காரணமான ஆள் மூலையில் குனிந்து, உலர்ந்துவிட்ட தரையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீதானே சொன்னே? விறைப்பா இருந்தா அனுப்பிடுவாங்கன்னு?"

வார்டு அக்கா நிமிர்ந்தாள். மாஸ்டரின் மனைவியைப் பார்த்தாள், தனக்காகத் தைத்து அவள் மடியில் மடித்து வைத்திருந்த ரவிக்கையைப் பார்த்தாள், இனி மறைத்துப் பயனில்லை என்று முடிவு செய்தாள்.

"அப்படிச் சொன்னாதான் நீங்க டெஸ்டுக்கு ஓடி வருவீங்கன்னு, சொல்லச் சொன்னதே அம்மாதான் சார்."